நீட்ட முடியாத நாக்கு

சனிக்கிழமை மீன் வாங்கப் போவது எங்கள் வீட்டில் என் வேலை. சமைப்பது என் கணவரின் வேலை. வெள்ளிக்கிழமை முழுக்க மரக்கறியோடு இருந்தவர் மறுநாள் விடிந்ததும் புளியை ஊறவைத்துவிட்டு என்னை வாசல்வரை அனுப்பிவைப்பார். நான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். கலியாணம் கட்டி யாழ்ப்பாண நகருக்கு வந்த பிறகுதான் மீன் சந்தைக்குப் போகவே தொடங்கினேன். குருநகர்ச் சந்தையில் எனக்கென்று ஒரு மீன்கார அக்கா வாய்த்தார். வேறு எவரிடமும் நான் வாங்குவதில்லை. வாங்கினால் அடுத்த வாரம் பதில் சொல்லவேண்டி வரும்.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல். நான் தெருவில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே அன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது என்று அந்தக் குரலால் தெரிந்துவிடும். என் தொழில் என்ன என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர். ஆட்களை நித்திரையாக்குவதுதான் எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எங்கள் வேலை மூச்சைக் காவல் காப்பது. நித்திரை அதில் ஒரு சின்னப் பகுதி.

அந்தச் சனிக்கிழமை ஸ்கூட்டியை நிறுத்தியபோது குரல் கேட்கவில்லை. அக்கா வரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் தன் சீமெந்துத் திட்டுக்குப் பின்னால் வழக்கமான முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் துவாய்த் துண்டு. அதை அடிக்கடி வாயில் ஒற்றிக்கொண்டிருந்தார். முன்னால் விளைமீனும் கும்பளாவும் ஐஸுக்கு மேல் பளபளவென்று கிடந்தன. விளைமீன் எப்படி என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு விளங்கவில்லை. சுடச்சுட அவித்த கிழங்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு கதைப்பதுபோல இருந்தது.

அந்தக் குரலை நான் முன்னரும் கேட்டிருக்கிறேன், ஆனால் ஆஸ்பத்திரிக்குள்தான். மீன் வாங்குவதை மறந்து அவர் முகத்தைப் பார்த்தேன். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கி, முகமும் கழுத்தும் ஒன்றாகிப் போயிருந்தன. அந்த வீக்கத்துக்குள் ஒரு தங்கச் சங்கிலி புதைந்து கிடந்தது.

என்ன நடந்தது என்று கேட்டேன். கடைவாயில், கொடுப்புப் பல்லில் சில நாளாகக் குத்து என்றார். கராம்பு வைத்தாராம், பனடோல் போட்டாராம். வீக்கம் வந்த பிறகு யாரோ கூகைக்கட்டு, அதுதான் பொன்னுக்கு வீங்கி, என்று சொல்ல, பொன் பட்டால் வற்றும் என்று சங்கிலியையும் போட்டுக்கொண்டாராம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று நான்கு தடவை துவாயால் வாயைத் துடைத்தார். எச்சிலை விழுங்க முடியவில்லை.

"அக்கா, ஒருக்கா நாக்கை நீட்டுங்கோ."

"மீன் வாங்க வந்தனீங்களோ, நாக்குப் பாக்க வந்தனீங்களோ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நீட்ட முயன்றார். வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. நாக்கு பல்லைத் தாண்டி வரவில்லை. அது அண்ணத்தோடு ஒட்டி, கீழேயிருந்து ஏதோ தள்ளிப் பிடித்தாற்போல மேலே நின்றது. தாடைக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தேன். சதைக்குரிய மென்மை எதுவும் இல்லை. பலகையைத் தொட்டதுபோல இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

இரவு நித்திரை கொண்டாரா என்று கேட்டேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் கதிரையில் இருந்தபடியே விடிய விட்டேன் என்றார்.

வாசிப்பவர்களுக்கு இந்த நோயை எளிதாகச் சொல்கிறேன். கீழ்த்தாடையின் கடைசிப் பற்களின் வேர்கள் ஆழமாக இறங்கியிருக்கும். வேரில் சீழ் பிடித்தால் அது சிலவேளை எலும்பைத் துளைத்துக்கொண்டு நாக்குக்கு அடியில் இறங்கிவிடும். அங்கே தசைகளுக்கு இடையில் தளர்வான இடங்கள் உண்டு, ஒன்றோடொன்று கதவில்லாத அறைகள் போல. கிருமி ஒரு பக்கத்தில் நுழைந்தால் மறுபக்கம் போக அதிக நேரம் எடுக்காது. வீக்கம் வெளியே போக இடமில்லாமல் நாக்கை மேலேயும் பின்னேயும் தள்ளும். பின்னே இருப்பது மூச்சுக்குழாயின் வாசல். பல்வலியோடு வீட்டில் இருந்த ஆள் சில மணித்தியாலங்களில் மூச்சடைத்துப் போவது இப்படித்தான்.

நான் டொக்டர் என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். அவர் என்னை உச்சியிலிருந்து செருப்புவரை பார்த்தார்.

"நான் ரீச்சர் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

இப்போதே என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றேன். மீனை விற்றுப்போட்டு வருகிறேன் என்றார். அது மட்டும் காரணமில்லை என்பது அவருடைய அடுத்த கேள்வியில் தெரிந்தது. பல்லைப் பிடுங்குவார்களோ என்று மெதுவாகக் கேட்டார். சுறாவை ஒற்றைக் கையால் புரட்டிப் போடுகிற மனிசி அவர். பல் வைத்தியரின் குறடு ஒன்றுக்குத்தான் பயந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பல்லைப் பற்றிப் பேந்து கதைப்போம் அக்கா, முதலில் எழும்புங்கள் என்றேன். அவர் எழும்பவில்லை.

அப்போது பக்கத்துத் திட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே மீன் விற்பவர் அறுபது வயது மதிக்கத்தக்க, மெலிந்த, நறுக்கென்று பேசுகிற ஓர் அம்மா. அக்காவுக்கும் அவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. காரணத்தை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஐஸ் உருகிய தண்ணீர் யார் பக்கம் வழிவது என்பதில் தொடங்கியது என்பது மட்டும் எல்லாக் கதைகளிலும் இருந்தது. ஒருவருக்கொருவர் ஏதும் சொல்லவேண்டியிருந்தால் மீன் வாங்க வந்தவர்கள் ஊடாகத்தான் சொல்லுவார்கள். நானும் பலமுறை அப்படித் தூது போயிருக்கிறேன்.

"உன்ரை மீனை நான் விக்கிறன். நீ எழும்பிப் போ," என்றார் அந்த அம்மா.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கும்பளாவை அடிமட்டத்துக்குக் குடுக்கவேண்டாமெண்டு அவவிட்டைச் சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியுமெண்டு அவவிட்டைச் சொல்லுங்கோ," என்றார் அம்மா.

இரண்டையும் நான் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அக்கா துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

ஓட்டோவில் அவர் சாயாமல் நிமிர்ந்து இருக்கும்படி பிடித்துக்கொண்டேன். போகிற வழியிலேயே இரண்டு பேருக்கு அழைப்பு எடுத்தேன். ஒருவர் எங்கள் காது மூக்குத் தொண்டை சத்திரசிகிச்சை நிபுணர். சனிக்கிழமை என்பதால் குடும்பத்தோடு மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயிலில் நின்றார். பின்னால் மணிச் சத்தம் பலமாகக் கேட்டது. கழுத்து இரண்டு பக்கமும் பலகை, நாக்கு மேலே, படுக்க முடியவில்லை என்று மூன்று விசயங்களைச் சொன்னேன். "வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மற்ற அழைப்பு என் கணவருக்கு. அவர் நான் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்ப விளைமீன் இல்லையோ என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகமாக நடந்தன. இரத்தத்தில் சீனி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தனக்குச் சீனி வியாதி இருப்பது அக்காவுக்கே தெரியாது. சாதாரணப் பல் சீழ் இந்த அளவுக்குத் தாவியதற்கு அதுவும் ஒரு காரணம். கிருமியைக் கண்டுபிடிக்க இரத்தம் எடுத்து அனுப்பினோம். பலமான கிருமிக்கொல்லி மருந்துகளை நரம்பில் ஏற்றினோம். வழக்கமாக இப்படிப்பட்ட கழுத்தை முதலில் ஸ்கான் செய்து, சீழ் எங்கே எவ்வளவு என்று பார்ப்போம். ஆனால் ஸ்கானுக்கு மல்லாந்து படுக்கவேண்டும். படுத்தால் நாக்கு பின்னே விழுந்து வாசலை மூடிவிடும். ஸ்கான் பிறகு, மூச்சுக்கு வழி முதல் என்று முடிவெடுத்தோம்.

சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நிபுணர் நெற்றி நிறையத் திருநீறும் சந்தனமுமாக வந்து சேர்ந்தார். கையில் வடைமாலையிலிருந்து பிரித்துக் கொடுத்த வடைப் பொட்டலம் ஒன்று. அதை வெளியே மேசையில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அக்காவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வீக்கத்துக்குள் மூச்சுக்குழாய் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்குச் சிரமமாக இருந்தது. கண்டுபிடித்து, பேனாவால் ஒரு கோடு போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விடுவதில் நான் தோற்றால் அவர் அந்தக் கோட்டில் வெட்டித் துளை போடவேண்டும். அவர் கத்தியோடு ஒரு பக்கம் நிற்க, நான் மறுபக்கம் நின்றேன். அந்த வீங்கிய கழுத்தில் அதுவும் இலேசான வேலை இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அக்காவுக்கு விசயத்தை ஒளிக்காமல் சொன்னேன். மூக்கின் வழியாக மெல்லிய கமெராக் குழாயை விட்டு, அதைப் பார்த்துப் பார்த்து மூச்சுக்குழாய்க்குள் வழி எடுத்து, அதன் மேலால் மூச்சுவிடுவதற்கான பிளாஸ்டிக் குழாயை இறக்கவேண்டும். அதுவரை அவர் முழித்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்தபடி இருக்கவேண்டும்.

"நித்திரையாக்காமலோ?"

"ஓம் அக்கா. நித்திரையானால் தசை எல்லாம் தளர்ந்து வழி மூடிப்போடும். முழிச்சிருந்தால் உங்கடை மூச்சு உங்கடை கையிலை இருக்கும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது?"

"சந்தையிலை கூவிற மாதிரிக் கூவுங்கோ."

அது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை. ஆள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தால் காற்று போய்வருகிறது என்று அர்த்தம். குழாய் குரல்நாண்களுக்கு நடுவே இறங்கிய கணத்தில் குரல் நின்றுவிடும். எங்களுக்கு அதுவே நல்ல செய்தி.

மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்கிற மருந்தைத் தெளித்தேன். கைப்பு என்று முகத்தைச் சுளித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கிழங்குக் குரலில் தொடங்கினார். விளைமீன், ஒட்டி, ஓரா, பாரை, சீலா. தாதி ஒருவர் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் எச்சிலும் சிவந்த வீக்கமும் தவிர எதுவும் இல்லை. எது மேலே எது கீழே என்று தெரியவில்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டு இடித்தால் இரத்தம் வரும். இரத்தம் வந்தால் கமெரா குருடாகும். கையை நிறுத்திப் பொறுத்து நின்றேன். அப்போது ஒரு மூலையில் சின்னக் குமிழிகள் எழுந்தன. அவர் மூச்சு விடுகிறபோதெல்லாம் அந்த இடத்தில்தான் எழுந்தன. குமிழியைப் பின்தொடர்ந்து போனேன். ஒரு வீக்கத்தைச் சுற்றி வளைந்ததும், வெள்ளையாக இரண்டு நாண்கள் திறந்து மூடுவது தெரிந்தது.

"திருக்கை, கும்ப..." என்றார் அக்கா. அதோடு சத்தம் நின்றது.

கமெராவின் மேலால் இறக்கிய குழாயில் மூச்சின் ஆவி படிந்தது. நிபுணர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, இப்போது நித்திரையாக்குங்கள் என்றார். நான் ஏற்கெனவே மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு வேலை அவருடையது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வெட்டித் திறந்தார். சீழ் குடம் குடமாக வரும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். இந்த நோயில் பெரும்பாலும் கொஞ்சம்தான் வரும், ஆனால் நாற்றம் கூடம் முழுக்க நிற்கும். அறைக்கு அறை விரலால் திறந்து, கழுவி, வடிகுழாய்கள் வைத்தார். முக அறுவைப் பிரிவுப் பல் வைத்தியர் வந்து, எல்லாவற்றுக்கும் காரணமான கொடுப்புப் பல்லைப் பிடுங்கினார். பிறகுதான் ஸ்கான் எடுத்தோம். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. வடைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோரும் ஆளுக்கொன்று சாப்பிட்டோம். ஆறிப்போன வடை அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அக்காவை மயக்கத்திலேயே குழாயோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தோம். வீக்கம் வற்றும்வரை அந்தக் குழாய்தான் அவருடைய வழி. மாலையில் பக்கத்துத் திட்டு அம்மா செபமாலையோடு வந்தார். கட்டிலின் கால்பக்கம் நின்று, நித்திரையில் கிடந்தவரைப் பார்த்தார். பிறகு பழக்க தோசத்தில் என்னிடமே சொன்னார்.

"மீன் எல்லாம் வித்து முடிஞ்சுதெண்டு அவவிட்டைச் சொல்லுங்கோ."

திங்கட்கிழமை காலை நான் வேலைக்கு வந்தபோது நிலைமை சரியில்லை. காய்ச்சல் ஏறியிருந்தது, நாடித்துடிப்பு ஓடியது, இரத்த அழுத்தத்தைப் பிடித்துவைக்க மருந்து தேவைப்பட்டது. கழுத்தின் சிவப்பு காறையெலும்பைத் தாண்டி நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் தோல் ஊதாவாக மங்கிக் கிடந்தது. அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். தோலுக்கு அடியில் அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சின்ன நெறுநெறுப்பு. சதைக்குள் வாயு இருந்தால்தான் அப்படி வரும். கிருமி தசைகளைப் போர்த்தியிருக்கிற மெல்லிய படலம் வழியாக ஓடி, போகிற வழியெல்லாம் சதையைச் சாகடித்துக்கொண்டிருந்தது. உடனே எடுத்த புது ஸ்கான் படத்திலும் கழுத்தடுக்குகளுக்குள் கறுப்புக் குமிழிகளாக வாயு தெரிந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் இன்னும் இறங்கவில்லை என்பது மட்டும் ஆறுதல்.

செத்த சதைக்குள் மருந்து போகாது. இரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்து எதில் ஏறிப் போகும்? அதை வெட்டி எடுக்கவேண்டும், அன்றைக்கே. அக்காவின் கணவரைக் கூப்பிட்டு நிபுணரும் நானும் இருந்து கதைத்தோம். அவர் கடற்றொழிலாளி. ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். வீட்டில் கதைக்கவேண்டியதை எல்லாம் அக்காவே கதைத்துவிடுவதால் அவருக்குக் கதைக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. கழுத்துத் தோல் நிறையப் போகும், உயிருக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்று நாங்கள் சொன்னதைத் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"வெட்டவேண்டியதை வெட்டுங்கோ," என்றார். "தோல் எனக்குப் பெரிசில்லை. ஆள் வேணும்."

அந்த வாரத்தில் அக்கா பலமுறை சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வந்துபோனார். ஒவ்வொரு முறையும் நிபுணர் செத்ததை வெட்டி, விளிம்பில் புது இரத்தம் கசியும்வரை போவார். சாதாரணமாக இரத்தம் கசிந்தால் சத்திரசிகிச்சை செய்பவருக்கு எரிச்சல் வரும். இவர் ஒவ்வொரு சிவப்புத் துளியையும் கண்டு, வருது, நல்லது, வருது என்று முணுமுணுத்தார். ஆய்வுகூடத்திலிருந்து கிருமிகளின் பெயர்கள் வந்ததும் அவற்றுக்கேற்ப மருந்தை மாற்றினோம். இன்சுலினால் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம். ஒருநாள் கட்டைப் பிரித்தபோது வெட்ட எதுவும் இருக்கவில்லை. எல்லாம் மாதுளை நிறத்தில் உயிரோடு இருந்தது. நிபுணர் முகமூடிக்குப் பின்னால் சிரித்தது அவர் கண்ணில் தெரிந்தது.

மயக்கத்தைக் குறைத்ததும் அக்கா கண் திறந்தார். குழாய் இருப்பதால் குரல் இல்லை. ஆனால் கை இருந்தது. முதல் நாளே கையைத் தூக்கி ஏதோ வடிவங்கள் போட்டுக் காட்டத் தொடங்கினார். தாதிகள் தண்ணீரோ, வலியோ, கடவுளோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இல்லை இல்லை என்று கண்ணால் சொன்னார். பார்வையாளர் நேரத்தில் வந்த பக்கத்துத் திட்டு அம்மா ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டார்.

"பாரையோ? பாரை வரேல்லை. கடல் சரியில்லை."

சந்தையில் எழும்பிப் போ என்றதை விட்டால், பல வருடத்துக்குப் பிறகு இடையில் ஆள் வைக்காமல் அவர் அக்காவோடு கதைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வந்து சந்தைச் செய்தி சொன்னார். அக்கா கையால் கேட்பார், அம்மா வாயால் பதில் சொல்வார். பார்க்க எங்களுக்கும் சந்தோசமாக இருந்தது. ஒரு நாள் மாத்திரம் அக்காவின் நாடித்துடிப்பு திடீரென்று ஏறி, கருவி மணி அடிக்கத் தொடங்கியது. நான் பயந்து ஓடிப் போனேன். அக்காவின் கைகள் இரண்டும் காற்றில் வெட்டிக்கொண்டிருந்தன. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அக்காவின் மீனை விற்க வசதியாக, அம்மா அதைத் தன் திட்டுக்கு மாற்றி வைத்தாராம். அப்படியானால் ஐஸ் தண்ணீர் இப்போது எந்தப் பக்கம் வழிகிறது என்பது அக்காவின் கேள்வி. ஒரு பக்கத்தில் சத்தமே இல்லாமல் நடந்த அந்தச் சண்டையைத் தாதி ஒருவர் நடுவில் புகுந்து தீர்த்துவைத்தார். கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தோம்: ஆள் பிழைத்துவிட்டார்.

குழாயை எடுக்கமுன் அதைச் சுற்றியிருக்கிற காற்றுப் பையைத் தளர்த்திப் பார்ப்போம். வீக்கம் வற்றியிருந்தால் குழாயின் பக்கத்தால் காற்று கசிந்து சத்தம் கேட்கும். கேட்டது. அப்போதும் நிபுணரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அக்கா இருமினார், மூச்செடுத்தார், திரும்ப இருமினார். நாங்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாக்கு வாய்க்குள் ஒரு சுற்றுப் போய் வருவது கன்னத்தில் தெரிந்தது. பிறகு கரகரத்த குரலில் கேட்டார்.

"பல்லைப் பிடுங்கிப்போட்டியளோ?"

"ஓம் அக்கா."

"நான் ஓம் எண்டு சொல்லேல்லையே."

கூடத்துக்குள் போகமுன் அவர் ஒப்பம் வைத்ததில் அதுவும் இருந்தது என்று நிபுணர் விளக்கப் பார்த்தார். அக்கா அவரை முழுதாகப் பேச விடவில்லை. பேந்து கதைப்போம் என்று சொன்னது இந்தப் பிள்ளைதான் என்று என்னைக் காட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு நான் தண்ணீர்க் கரண்டியை நீட்டினேன்.

கழுத்துப் புண் மெதுவாகத்தான் ஆறியது. தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்கள். தொடைத் தோல் இனி வெயிலைக் காணப்போகிறது என்று அக்கா வார்ட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். சீனி வியாதிக்காகச் சாப்பாட்டை மாற்றவும் ஊசியைத் தானே போடவும் பழகினார். கழுத்து இறுகிப்போகாமல் இருக்கத் தினமும் திருப்பித் திருப்பிப் பயிற்சி செய்தார்.

அவர் திரும்பச் சந்தைக்கு வந்து இப்போது கனகாலம். தழும்பை மூடி மறைப்பதில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யாராவது வந்தால் போதும், கழுத்தைக் காட்டிக் கதை முழுவதையும் சொல்லி அனுப்பிவைப்பார். சுன்னாகப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் அப்படித்தான் ஒரு நாள் எங்களிடம் வந்து சேர்ந்தார். ஒரு பக்கத் தாடையில் மட்டும் வீக்கம். நாக்கு நன்றாக அசைந்தது, மூச்சுக்குக் கரைச்சல் இல்லை. பல்லைப் பிடுங்கிச் சீழை வாய்க்குள்ளாலேயே வடியவிட்டு, சில நாளில் வீட்டுக்கு அனுப்பினோம். நேரத்துக்கு வந்தால் இந்த நோய் இவ்வளவுதான். பக்கத்துத் திட்டு அம்மாவும் அக்காவும் சமாதானமானார்களா என்று என் கணவர் கேட்பார். இல்லை. ஆனால் இப்போது நேரடியாகவே சண்டை பிடிக்கிறார்கள். எனக்குத் தூது போகிற வேலை இல்லாமல் போய்விட்டது.

போன முறை அவர்களுடைய கத்தோலிக்கக் கோயில் பெருநாளுக்கு அக்கா எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். நிபுணர் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர், அதனால் அவருக்கென்று தனியாகப் பயற்றம் பணியாரமும் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்குப் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ், நண்டும் இறாலும் மீன் துண்டுகளுமாக. அக்கா கரண்டியோடு பெரிய சட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஆனால் அன்றைக்குக் கதைத்தது அக்கா இல்லை, அவருடைய கணவர். அக்கா குரலில்லாமல் கிடந்த நாட்களில் வீட்டுக்கு வந்த அழைப்புகளுக்கும் சனத்துக்கும் அவர்தானே பதில் சொல்லவேண்டியிருந்தது. கனடாவில் இருக்கிற உறவுகள், பங்குச் சனம், வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் என்று ஒருவர் மாறி ஒருவர் கேட்கக் கேட்க, அவருக்குள் இருந்த பேச்சு வெளியே வந்துவிட்டது. வந்தது திரும்பிப் போகவில்லை.

அவர் என் கணவருக்கு, வலையில் ஒருமுறை பெரிய திருக்கை பட்டதையும் வள்ளம் ஒரு பக்கம் சரிந்ததையும் ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் கையில் கூழ்க் கோப்பையோடு, குடிக்கவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"உந்த மனிசன் முந்தி உப்பிடி இல்லை," என்று அக்கா என் காதோடு சொன்னார். "உதுக்கு ஏதும் மருந்து இருக்கோ, டொக்டர்?"

இல்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் கோப்பையை வாங்கி இன்னொரு அகப்பை ஊற்றினார். அவருடைய கணவர் அப்போதுதான் திருக்கையை வள்ளத்துக்குள் ஏற்றத் தொடங்கியிருந்தார்.